சுண்ணாம்புக் கழுநீர்

எங்கள் லைனில் எந்த வீட்டில் என்ன சமையல் என்பது முதலில் தெரிவது என் மாட்டுக்குத்தான். அதற்கு அடுத்தபடி எனக்குத் தெரியும். அரிசி களைந்த தண்ணீரை யாரும் சாக்கடையில் ஊற்ற மாட்டார்கள். பின்வாசலில் ஒரு சட்டியில் ஊற்றி வைப்பார்கள். வடித்த கஞ்சி மிச்சமிருந்தால் அதுவும் அதில் சேரும். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, மண்ணெண்ணெய்த் தகரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பதினாலு வீட்டுக் கழுநீரையும் சேர்த்து வருவேன். விருந்தாளி வந்த வீடு எது, மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு மருமகள் பட்டினியாகப் படுத்திருக்கும் வீடு எது என்பதெல்லாம் அந்தச் சட்டிகளில் எழுதியிருக்கும். இந்த விஷயத்தில் நான் வாயைத் திறந்ததில்லை. திறந்திருந்தால் கழுநீர் கிடைத்திருக்காது.

மலாயாவில், பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கட்டிக் கொடுத்த லைன் என்கிற வரிசை வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. அதற்குப் பின்னால் புல்மேடு, அதற்கும் பின்னால் ஆறு. புல்மேட்டில் நாலு மரத்தூணும் தகரக் கூரையுமாக என் மாட்டுக் கொட்டகை நின்றது. எங்க வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன் வேலை. வண்டி வரும்போது தண்டவாளத்தை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ மாற்றிவிட வேண்டும். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கல்யாணமான மறு வருஷம் இரண்டு கை வளையலையும் விற்று ஒரு செவலைப் பசுவை வாங்கினேன். வளையலை மாடு தின்றுவிட்டது என்று குழாயடியில் சிரித்தார்கள். சிரித்தவர்கள்தான் மூன்றாம் மாதம் போத்தலோடு பாலுக்கு வந்து நின்றார்கள்.

அவருக்கு ரயில்வே சம்பளம் கொடுத்தது, எனக்குச் செவலை கொடுத்தது. அந்தக் காசில்தான் நான் சேலை எடுத்தேன், அதில்தான் என் அம்மாவுக்குக் கப்பலில் பணம் போயிற்று. யாரிடமும் கையேந்தாமல் இருக்கிறேன் என்ற திமிர் எனக்கு உண்டு. அதை நான் ஒருநாளும் மறைத்ததில்லை.

ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டை ஓய்ந்ததும் விலைவாசி இறங்கிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். இறங்கவில்லை, ஏறிற்று. ரங்கூனிலிருந்து கப்பல் வரவில்லை என்றார்கள். சயாமில் மழை பொய்த்துவிட்டது என்றார்கள். காரணம் வாரத்துக்கு ஒன்றாக மாறிக்கொண்டே இருந்தது, விலை மட்டும் ஒரே திசையில் போயிற்று. அரிசியை இந்த ஊரில் கந்தாங் என்ற அளவில் அளப்பார்கள். முன்பு ஒரு வெள்ளிக்காசுக்கு மூன்று கந்தாங் போட்ட கடையில் அப்புறம் இரண்டு போட்டார்கள், பிறகு அதுவும் ஒன்றாயிற்று. ஒருநாள் அந்த ஒன்றும் தலைதட்டி வந்தது.

"என்னண்ணே, போன வாரம் ஒரு வெல சொன்னீங்களே?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"போன வாரம் போயிருச்சும்மா. இன்னிக்கு நீ யோசிச்சிட்டு நின்னா இந்த வெலையும் போயிரும்."

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சாக்கைத் தலைகீழாக உதறித் தையல் இடுக்கில் ஒட்டியிருந்த அரிசியை அவர் விரலால் நோண்டி எடுத்ததை நானே பார்த்தேன். ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்த சம்பளம் அதே பதினெட்டு வெள்ளி. அதே தேதி, அதே மேசை, வெள்ளியில் அதே ராஜா தலை. ரயில்வேயில் ராஜாவுக்கு மரியாதை குறையவில்லை, கடையில்தான் குறைந்துவிட்டது.

அப்போது நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அவருடைய தூக்குச்சட்டிக்கு மட்டும் சோறு வடித்தேன். தண்டவாளத்தில் நாள் முழுக்க நிற்கிற மனுஷன். நான் கேழ்வரகைக் கூழாகக் காய்ச்சிக் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தேன். கூழ் குடிப்பதில் என்ன வெட்கம் என்று இன்றைக்குக் கேட்கலாம். மலாயாவுக்குப் போனால் மூன்று வேளையும் நெல்லுச்சோறு என்று சொல்லித்தான் எங்களையெல்லாம் கப்பலேற்றினார்கள். ஊருக்குப் போட்ட ஒவ்வொரு கடிதாசியிலும் நாங்களும் அதையே எழுதினோம். இங்கே வந்தும் கூழ்தான் என்றால் கடல் தாண்டியது எதற்கு?

இதற்குமேல் நான் செய்த காரியம்தான் அழகு. மத்தியானம் சாப்பிடும் முன் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைப்பது எங்கள் எல்லார் வீட்டிலும் உள்ள பழக்கம். மற்றவர்கள் பின்பக்கம் வைப்பார்கள். நான் முன்வாசலில், பதினாலு வீடும் பார்க்க, வெள்ளை வெளேரென்று சோற்றை வைத்துவிட்டு "கா கா" என்று லைனே அதிரக் கூப்பிடுவேன். அவருக்கு வடித்ததில் எனக்கென்று ஒட்டியிருந்த ஒரே பிடி அது. காக்கை அதைத் தின்றுவிட்டுப் போகும். நான் உள்ளே போய்க் கூழ் குடிப்பேன். கௌரவத்துக்குக் கொம்பு முளைத்தால் அப்படித்தான்.

ஊரில் அரிசி குறைந்தால் என் தகரத்தில் கழுநீர் குறையும். முதலில் தெளிந்தது, பிறகு அளவே பாதியாயிற்று. புண்ணாக்கும் தவிடும் அரிசியோடு போட்டி போட்டுக்கொண்டு விலை ஏறின. ஆறு போத்தல் கறந்த செவலை மூன்று போத்தலுக்கு வந்தது. வாடிக்கை வீடுகளும் ஒரு போத்தலை அரைப் போத்தலாக்கின. "பிள்ளைக்குப் பால் பிடிக்கலக்கா" என்று ஒருத்தி சொன்னாள். அந்தப் பிள்ளை என் கொட்டகைக்கே வந்து நுரையோடு வாங்கிக் குடிக்கிற பிள்ளை.

ஒருநாள் சாயங்காலம் அவர் கை கால் கழுவிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"மாடு திங்கிறதுக்கும் குடுக்கிறதுக்கும் கட்டல புள்ள. கிள்ளான் மாட்டுத் தரகர் வந்தாரு. சம்பளம் அடுத்த சனிக்கிழமை. அதுக்கு மறு திங்கக்கிழமை வந்து ஓட்டிட்டுப் போகச் சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"யாரைக் கேக்கணும்?"

எனக்கு உச்சந்தலை வரை சுட்டது. அந்தத் தரகர் வாங்குகிற மாடு எங்கே போகும் என்று பிரிக்பீல்ட்ஸில் எல்லாருக்கும் தெரியும். பால் வற்றிக்கொண்டிருக்கிற மாட்டை வளர்ப்பதற்கு யாரும் வாங்குவதில்லை, கறிக்குத்தான் வாங்குவார்கள். என் வளையலும் என் உழைப்பும் ஒரு கயிற்றோடு போய்விடும். திங்கட்கிழமைக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளில் பால் ஏறாவிட்டால் அவர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். மாட்டைவிட அது எனக்குப் பொறுக்கவில்லை. அன்றிரவு தட்டை நங்கென்று வைத்தேன். அவர் தட்டை இழுத்து வைத்துச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை கழுநீருக்குப் போனேன். லைனின் முதல் வீட்டில் கூட்ஸ் ஷெட் கிராணியின் மனைவி இருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், ஐந்து பிள்ளைக்காரி. கணவன் பேனா பிடித்து எழுதுகிற வேலை பார்ப்பதால் குழாயடியில் அவள் குடத்துக்கு எப்போதும் முதல் இடம். அன்று அவள் வீட்டுச் சட்டியில் கழுநீர் பால்போல வெள்ளையாக நிறைந்திருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அதைச் சட்டியோடு தனியாக எடுத்து வந்து முதலில் செவலைக்குத் தொட்டியில் ஊற்றினேன்.

செவலை முகர்ந்தது, தும்மியது. தொட்டியை மூக்கால் தள்ளிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. நான் விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். நாக்கு பொத்துப்போயிற்று. கழுநீரில் வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பைக் கரைத்திருந்தாள்.

என் மாட்டைக் கொல்லப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். வேறென்ன நினைப்பது? நான் பால் விற்றுச் சம்பாதிப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை, பொறாமை, கிராணி பெண்டாட்டி என்ற கொழுப்பு என்று மனசுக்குள் வரிசையாக அடுக்கிக்கொண்டே, முந்தானையை இடுப்பில் செருகிச் சட்டியைக் கையில் ஏந்தி, நடுவில் இருந்த பன்னிரண்டு வீட்டையும் தாண்டிப் போனேன். என் நடையைப் பார்த்தே இரண்டு பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"வெளிய வாங்கக்கா! என் மாட்டுக்குச் சுண்ணாம்பு கரைச்சு வச்சிருக்கீங்களே, அது உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

கதவு திறந்தது. அவள் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அடிக்கத்தான் போகிறாள் என்று நான் தயாரானேன். அவள் அழுதாள்.

"மெதுவா பேசுடி. உன் காலப் புடிக்கிறேன். மாடு குடிச்சிருச்சா?"

"அது உங்களவிட வெவரம். மோந்து பார்த்துட்டு விட்டுருச்சு."

அடுப்பில் பெரிய பானை ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தேன். மரவள்ளிக்கிழங்கு. ஐந்து பிள்ளைகளும் ஆளுக்கொரு தட்டோடு கிழங்குக்காகக் காத்திருந்தன. அந்த வீட்டில் அரிசி களைந்து பத்து நாள் ஆகியிருந்தது.

"கழுநீர் இல்லேன்னா ஒனக்குத் தெரிஞ்சிருமே. ஒனக்குத் தெரிஞ்சா லைனுக்கே தெரிஞ்சிரும். அதான் தெனமும் தண்ணியில துளி சுண்ணாம்பக் கலக்குனேன், இன்னிக்குக் கூடிப்போச்சு."

"நான் யார்கிட்டக்கா சொன்னேன் இதுவரைக்கும்? கிழங்கு தின்னா என்ன, திருடியா தின்னீங்க?"

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் சொல்ல மாட்ட நீ? ஒன் வீட்டு வாசல்ல காக்கா நெல்லுச்சோறு திங்குது. தெனமும் கூப்பிட்டு ஊரறியப் போடுற. அதப் பாத்துட்டு எம்புள்ளைங்க கிழங்கு திங்குதுன்னு நான் வெளிய சொல்லுவேனா?"

சண்டைக்குப் போனவள் சட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவமானம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது. நான் போட்ட பொய்தான் முதல் வீடு வரை நடந்து போய்ச் சுண்ணாம்பாகத் திரும்பி வந்து என் மாட்டுத் தொட்டியில் விழுந்திருக்கிறது.

"அக்கா, அந்தக் காக்கா திங்கிற சோத்த நான் தின்னு ஒரு மாசமாச்சு" என்றேன். "நான் கூழுதான் குடிக்கிறேன். கதவச் சாத்திக்கிட்டு."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். முதலில் நம்பவில்லை. அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தோம். வெளியே கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அடிதடி என்று நினைத்துக் கதவைத் தட்டினார்கள்.

கழுநீர்க்காரிக்கு ஒரு வசதி உண்டு. எந்த வீட்டுப் பின்வாசலிலும் நான் போய் நின்றால் யாரும் ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டார்கள். அன்று சாயங்காலம் தகரத்தோடு ஒவ்வொரு வீடாகப் போனேன். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. "எங்க வீட்டுல கூழுதான், காக்காவுக்குப் போட்டதெல்லாம் பவுசு" என்று என் கதையை மட்டும் சொன்னேன். மூன்றாவது வீட்டிலேயே மடை திறந்துவிட்டது. ஒருத்தி கழுநீரில் மைதாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி அரிசி புடைக்கிற சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கட்டும் என்று காலையில் வெறும் முறத்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி அந்த முறச் சத்தத்தைக் கேட்டு ஏங்கிப்போய், தன் வீட்டில் வெறும் பானையில் கரண்டியை விட்டுக் கிண்டியிருக்கிறாள். பதினாலு வீட்டிலும் பசி இருந்தது, பதினாலு வீடும் மற்ற பதிமூன்றும் வயிறார உண்பதாக நம்பிக்கொண்டிருந்தன. நான் தகரத்தை வைத்துவிட்டு அங்கேயே நின்று சிரித்தேன். கொஞ்சம் கோபமும் வந்தது.

மறுநாள் மத்தியானம் எல்லாரும் கிராணி வீட்டில் கூடினோம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, தானாக வந்தார்கள். அக்காவின் கணவர் சரக்குச் சீட்டு எழுதுகிறவர் என்பதால் அவளுக்கு ஒன்று தெரிந்திருந்தது. அரிசி கிள்ளானில் ஆற்றங்கரைக் கிடங்கில் மூட்டை மூட்டையாக விற்கிறது. மூட்டையாக எடுத்தால் கடை விலையில் கால் பங்கு மிச்சம். ஆனால் ரொக்கம் வேண்டும், முழு மூட்டையாக வாங்க வேண்டும். தனியாக ஒரு வீட்டால் முடியாது. சேர்ந்து வாங்கலாமே என்று இதற்கு முன்பு யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் யாருக்குமே குறையில்லை என்று காட்டிக்கொண்டிருந்தோம்.

"நம்ம எல்லாருக்கும் சம்பளம் ஒரே நாளு" என்றாள் அக்கா. "அன்னிக்கு மட்டும் பதினாலு வீட்டுலயும் காசு இருக்கும். மறுநாளே கிள்ளான் போவணும்."

"காச யார் கையில குடுக்குறது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"மாட்டுக்காரி கையில" என்றாள் அக்கா.

"பால்ல தண்ணி ஊத்துறவ அரிசியில என்னத்த ஊத்துவாளோ?"

"ஊத்துற தண்ணி நல்ல தண்ணிடி, சுண்ணாம்புத் தண்ணி இல்ல" என்றேன். அக்காதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். கடைசியில் நானும் அக்காவும் போவது, வந்த அரிசியை எல்லார் கண்ணெதிரிலும் அளப்பது என்று முடிவாயிற்று.

வீட்டில் அவர் சொன்னார், "பொம்பளைங்க கிள்ளான் போயி மூட்டை வாங்குறதா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நீங்க தரகருக்கு வாக்குக் குடுத்த மாதிரி நானும் பதிமூணு வீட்டுக்கு வாக்குக் குடுத்துட்டேன். யாரைக் கேக்கணும்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு உள்ளுக்குள் பயம்தான், ஆனாலும் நன்றாக இருந்தது.

சனிக்கிழமை சம்பளம் வாங்கிய ஆண்கள் வீட்டுக்கு வருகிற வழியில் கள்ளுக்கடைக்கு ஒரு பாதை பிரியும். பதினாலு பெண்களும் அந்தப் பிரிவில் போய் நின்றோம். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, கையை மட்டும் நீட்டினோம். முதலில் வந்தவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பின்னால் வருகிறவர்கள் சிரிப்பார்களே என்று யோசித்தார், ஆனால் பின்னால் வந்தவர்களுக்கும் அதே கதிதான். என் வீட்டுக்காரர் நேராக என்னிடம் வந்து உறையோடு கொடுத்துவிட்டுப் போனார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. மூன்று மூட்டைக்குக் காசு சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் நானும் அக்காவும் கிள்ளான் போனோம். பணத்தை முடிச்சாகக் கட்டி அக்கா இடுப்பில் வைத்துக்கொண்டு கையை அதிலிருந்து எடுக்கவேயில்லை. ஆற்றங்கரைக் கிடங்கில் கூரை வரை மூட்டை அடுக்கியிருந்தது. அரிசி வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குத் தலை சுற்றிற்று. அரிசி இல்லையென்று ஊரே அழும்போது இங்கே எலிகள் கொழுகொழுவென்று ஓடிக்கொண்டிருந்தன.

தவுக்கே, அதாவது சீன முதலாளி, பனியனோடு உட்கார்ந்து மணிச்சட்டம் தட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, சில்லறை இல்லை என்று கையை ஆட்டினார். அக்கா முடிச்சை அவிழ்த்து மேசையில் வைத்தாள். மணிச்சட்டம் நின்றது.

எனக்குத் தெரிந்தது சந்தையில் பேசுகிற பாசார் மலாய்தான். அவருக்குத் தெரிந்ததும் அதுதான். மூட்டை விலை கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்டுச் சேலையைச் சரிசெய்துகொண்டு வாசலைப் பார்த்து நடந்தேன். கூப்பிட்டார், திரும்பினேன். இப்படி இரண்டு முறை நடந்தேன். மூன்றாம் முறை அக்கா பயந்துபோய் என் சேலையைப் பிடித்துக்கொண்டதால் நடக்க முடியவில்லை. அதற்குள் விலை இறங்கிவிட்டது. மூட்டையைக் குத்திப் பார்க்கும் ஊசியை வாங்கி மூன்று மூட்டையிலும் மேலே, நடுவே, அடியில் குத்தி எடுத்து, பல்லில் கடித்துப் பார்த்தேன். ரங்கூன் அரிசி, காய்ந்த அரிசி.

காசு கொடுத்தாயிற்று. கூலியாள் மூட்டையைத் தூக்க வந்தான். நான் அசையவில்லை. ஒரு பொருளை வாங்கினால் கொசுறு கேட்காமல் கடையைவிட்டு இறங்குகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. கால் வீசைக் கத்தரிக்காய்க்கே கொசுறு உண்டு, மூன்று மூட்டை அரிசிக்கு இல்லாமலா? அதற்கு மலாயில் என்ன சொல் என்று எனக்குத் தெரியவில்லை. கிடங்கு மூலையில் கூட்டிக் குவித்திருந்த குவியலைக் கையால் காட்டினேன். மூட்டைகளிலிருந்து சிந்திய நொய்யும் தவிடும் தூசுமாக அது என் இடுப்பு உயரத்துக்கு இருந்தது.

"இத்து ஆயாம் மாக்கான் லா" என்றார் தவுக்கே. அது கோழி தின்பது என்று அர்த்தம். இந்தப் பெண்களுக்கு அவ்வளவு பஞ்சமா என்று அவர் முகம் இளகியதைப் பார்த்தேன். எனக்குச் சுருக்கென்றது.

"சாயா பூஞா லெம்பு மாக்கான்" என்றேன். என் மாடு தின்னும். என் மாடு என்பதை நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன்.

அவர் உரக்கச் சிரித்தார். கூலியாளைக் கூப்பிட்டு ஒரு காலிச் சாக்கைக் கொடுத்தார். நொய்யும் தவிடும் சாக்கு வாய் வரை நிரம்பின. அடுத்த மாதமும் மூன்று மூட்டை எடுத்தால் அடுத்த மாதக் குவியலும் எனக்கே என்று விரலை மடக்கிச் சொன்னார். "ரெண்டு மாசத்துக்குத் தீனிடி!" என்று அக்கா என் முதுகில் ஓங்கி அடித்தாள். அந்த அடி இன்றைக்கும் இனிக்கிறது.

சரக்குக் கூலி கட்டி நாலு சாக்கையும் வண்டியில் ஏற்றினோம். ரயில்வேக்காரன் பெண்டாட்டி ஓசியில் ஏற்றினாள் என்ற பேச்சு வரக்கூடாது என்பதில் அக்கா கண்டிப்பாக இருந்தாள். பிரிக்பீல்ட்ஸில் இறங்கியபோது ஊர் சிரிக்கும் என்று சொன்ன ஆண்கள் எட்டுப் பேர் தோளில் துண்டோடு நின்றார்கள். மூட்டைகளை அவர்கள் தூக்கினார்கள். என் வீட்டுக்காரர் நாலாவது சாக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"இது என்ன?"

"கொசுறு. செவலைக்கு."

அவர் அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அன்று பொழுது சாய்வதற்குள் கிராணி வீட்டு முன்வாசலில் பாயை விரித்துக் கொட்டி அளந்தோம். தலைதட்டி அளப்பதா, கும்மாச்சியாக அளப்பதா என்று கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு எல்லாருக்கும் தலைதட்டி, மிஞ்சுவதை ஆளுக்கொரு கை என்று முடிவாயிற்று. முதல் அளவை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்வது வழக்கம். "லாபம்" என்று நான் கத்தியதும் பெண்கள் கூட்டமாகக் குலவையிட்டார்கள். கல்யாண வீடா என்று தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் பதினாலு வீட்டிலும் உலை கொதித்தது. நான் என் பங்கை வடித்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன். வயிறு நிறைந்த பிறகும் கை நிற்கவில்லை.

திங்கட்கிழமை விடியும்போதே தரகர் வந்துவிட்டார். கையில் புதுக் கயிறு. நான் நொய்யை வேகவைத்து, பதினாலு சட்டிக் கழுநீரில் கலந்து தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தேன். செவலை தலையை நிமிர்த்தவே இல்லை. ஒரே நாளில் பால் ஏறிவிடவில்லை, அன்றும் மூன்று போத்தல்தான். ஆனால் தீனிக்குச் சாக்கு நிறைய இருந்தது, பால் ஏறினால் பழையபடி வாங்குகிறோம் என்று பதிமூன்று வீடு சொல்லியிருந்தது.

"ஓட்டிட்டுப் போலாமா தங்கச்சி?" என்றார் தரகர்.

"மாடு விக்கிறதுக்கில்லண்ணே."

"தம்பி வாக்குக் குடுத்துச்சே. காசோட வந்திருக்கேன்ல?"

"வாக்கு அவரோடது, மாடு என்னோடது. எது பெருசுன்னு அவரையே கேளுங்க."

அவர் கொட்டகைக்கு வெளியே கரித்தூளால் பல் தேய்த்துக்கொண்டு நின்றார். தரகர் திரும்பி அவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். செவலையின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டேன். ஆண்பிள்ளை கொடுத்த வாக்கு, அதுவும் வெளியூர் ஆளுக்கு. அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, மெதுவாக வந்து தொட்டிக்கு அருகில் நின்றார்.

"தப்பு என்னுதுண்ணே. மாட்டுக்குச் சொந்தக்காரியைக் கேக்காம சொல்லிட்டேன்" என்றார். "வந்ததுக்கு ஒரு கிளாஸ் பால் குடிச்சிட்டுப் போங்க. அதுக்குக் காசு அவகிட்டதான் குடுக்கணும்."

தரகர் குடித்தார். காசும் கொடுத்தார்.